சீட்டு ஒன்றுதான், ஆட்டம் வேறு

போக்கர் திறமை விளையாட்டா, அதிர்ஷ்ட விளையாட்டா? தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை போனது. இணையச் சூதாட்டத்தைத் தடுக்க அங்கே 2023ல் நடப்புக்கு வந்த சட்டம், ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டுப் பட்டியலில் சேர்த்திருந்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், சட்டம் செல்லும், ஆனால் அவ்விரண்டும் திறமை விளையாட்டுகள், அந்தப் பட்டியலில் வைக்க முடியாது என்றது. 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் எதுவானாலும் சரி என்று, பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை மொத்தமாகத் தடை செய்துவிட்டது.

சிங்கப்பூரில் இந்த வாதத்துக்கே இடமில்லை. 2022 ஆகஸ்ட் 1ல் நடப்புக்கு வந்த சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம், அதிர்ஷ்டமும் திறமையும் கலந்த விளையாட்டையும் அதிர்ஷ்ட விளையாட்டாகவே கருதுகிறது.

சட்டம் அப்படி இருக்கட்டும். கணக்கைக் கேட்டால் அது வேறொரு பதில் சொல்கிறது. திறமைக்கு எவ்வளவு இடம் என்பது, ஆட்டக்காரர் முன்னால் எத்தனை சில்லு இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 'டெக்சஸ் ஹோல்டெம்' வகையில் ஆளுக்கு இரண்டு சீட்டு. மேசைமேல் ஐந்து பொதுச் சீட்டுகள் மூன்று, ஒன்று, ஒன்று எனத் திறக்கப்படும். ஆகப் பந்தயம் கட்ட நான்கு சுற்று. சீட்டைப் பார்க்குமுன்பே இருவர் கட்டாயப் பந்தயம் வைக்க வேண்டும்; அதற்கு 'பிளைண்ட்' என்று பெயர். பெரிய பிளைண்ட்தான் அளவுகோல். 10,000 சில்லு இருந்து, பெரிய பிளைண்ட் 100 என்றால், கையிருப்பு 100 பிளைண்ட்.

முதல் சுற்றில் இருவர் ஆளுக்கு 3 பிளைண்ட் போட்டால் நடுவில் 6 சேரும். அடுத்த சுற்றில் ஒருவர் அந்த 6ஐயே பந்தயமாக வைத்து, மற்றவரும் ஈடு போட்டால் 18. பிறகு 54, கடைசியில் 162. சுற்றுக்குச் சுற்று மூன்று மடங்கு! இதற்கு ஆளுக்கு 81 பிளைண்ட் செலவாகும். 100 வைத்திருப்பவர் நான்கு சுற்றும் யோசித்து ஆடலாம். 10 வைத்திருப்பவருக்கோ இரண்டாம் சுற்றிலேயே 9 போய்விடும்.

உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு இது பழகிய கணக்கு. அமிலத்தின் செறிவு பத்து மடங்கு மாறினால் பிஎச் ஓர் எண் மட்டுமே நகரும் அல்லவா, அதே மடக்கை. கையிருப்பு பத்து மடங்கானாலும் கூடுவது இரண்டே சுற்றுகள். ஆனால் எதிராளி ஏன் இவ்வளவு வைத்தார், இத்தனை நேரம் பேசாமலிருந்தவர் இப்போது ஏன் ஏற்றுகிறார் என்று படிக்கும் வேலையெல்லாம் அந்த இரண்டு சுற்றுகளில்தான் இருக்கிறது.

10 பிளைண்ட் மட்டும் இருப்பவருக்குப் பெரும்பாலும் இரண்டே வழி: எல்லாவற்றையும் முன்னே தள்ளுவது, அல்லது சீட்டைக் கவிழ்ப்பது. இருவர் மட்டும் ஆடுவதாகக் கொள்வோம். நீங்கள் வைத்த சிறிய பிளைண்ட் அரை. கவிழ்த்தால் நூறு ஆட்டத்தில் 50 பிளைண்ட் நட்டம். தள்ளினால்? நூற்றில் 60 தடவை எதிராளி விலகுகிறார், உங்களுக்கு 60 லாபம். மீதி 40 தடவையில் 16ல் வென்று 160 பெறுகிறீர்கள். 24ல் தோற்று 240 இழக்கிறீர்கள். மொத்தம் 20 நட்டம். மோதினால் பெரும்பாலும் தோற்கும் சீட்டுதான், ஆனாலும் தள்ளுவதே மேல். இதுவும் திறமைதான். ஆனால் வாய்ப்பாடு போல மனப்பாடம் செய்யக்கூடிய திறமை. இரண்டு பேர் அதை ஒப்பித்துவிட்டால், மிச்சமெல்லாம் சீட்டின் கையில்.

போட்டிகளில் பிளைண்ட் நேரத்துக்கு நேரம் ஏறும். 10,000 சில்லுவில் ஒன்றுகூட இழக்காமல் உட்கார்ந்திருந்தாலும், பெரிய பிளைண்ட் 1,000 ஆகும்போது 100 பிளைண்ட் வெறும் 10 ஆகிவிடும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை பிளைண்ட் ஏறும் அவசரப் போட்டியைத் 'திறமை விளையாட்டு' என்று விளம்பரப்படுத்துவதில் எனக்கு ஒப்புதல் இல்லை. அங்கே திறமை வேலை செய்யும் நேரம் மிகக் குறைவு.

2017 ஜனவரியில் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டுவோமாஸ் சாண்ட்ஹோமும் நோம் பிரவுனும் உருவாக்கிய 'லிப்ராட்டஸ்' என்ற கணினி நிரல் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை வென்றது. அந்தச் சோதனையில் எனக்குப் பிடித்தது இயந்திரத்தைவிட ஏற்பாடு. ஒவ்வோர் ஆட்டத்தின் தொடக்கத்திலும் கையிருப்பை மறுபடி 200 பிளைண்டாக்கினார்கள். ஒருவருக்கு வந்த அதே சீட்டு, வேறோர் இடத்தில் அவருடைய கூட்டாளியோடு ஆடிய இயந்திரத்துக்கும் தரப்பட்டது. அப்படியும் 120,000 ஆட்டங்கள் ஆடினார்கள். திறமையைப் பிரித்துப் பார்க்க அறிவியலுக்கே இவ்வளவு தேவைப்பட்டது. ஒரு நாள் போட்டியில் ஒருவர் ஆடுவது சில நூறு ஆட்டம்!

வீட்டிலேயே, காசில்லாமல் சோதித்துப் பார்க்கலாம். நான்கு பேர், ஆளுக்கு 200 புளியங்கொட்டை. கொட்டை எடுத்த புளி வாங்குகிறவர்கள் கொண்டைக்கடலையை வைத்துக்கொள்ளுங்கள். முதல் இருபது ஆட்டம் பிளைண்ட் 1, 2. பிறகு எல்லாருக்கும் மறுபடி 200 கொடுத்து, பிளைண்டை 10, 20 ஆக்குங்கள். ஐந்து பொதுச் சீட்டும் திறந்த பிறகும் பந்தயம் நடந்த ஆட்டங்கள் எத்தனை என்று இரண்டு முறையும் ஒருவர் குறித்துக்கொண்டே வரட்டும்.