கண்ணீர் வராத வெங்காயம்

வெங்காயம் நறுக்கினால் கண்ணில் நீர் வரும். கத்தி பட்டு வெங்காயத்தின் செல்கள் உடையும்போது, அவற்றுள் தனித்தனியே இருந்த பொருள்கள் ஒன்றோடொன்று கலக்கின்றன. அதனால் கந்தகம் அடங்கிய ஒரு வாயு உண்டாகிறது. அது கண்ணை உறுத்துகிறது. கண் நீரைச் சுரந்து அதைக் கழுவி விடுகிறது.

ஆனால், எத்தனை வெங்காயம் நறுக்கினாலும் ஒரு சொட்டுக் கண்ணீர்கூட வராத சமையலறை ஒன்று உண்டு. அதில் அடுப்பு சுடாது; கத்தி விரலை வெட்டாது; குழம்பு மணக்காது. முழுச் சமையலறையும் இரண்டு கைகளுக்குள் அடங்கிவிடும். அது 2006ஆம் ஆண்டு ஜப்பானில் வெளிவந்த 'குக்கிங் மாமா' என்னும் விளையாட்டு. பெயரைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். இந்த 'மாமா' நம் வீட்டு மாமா அல்ல, அம்மா!

ஆபீஸ் கிரியேட் என்ற நிறுவனம் இதை உருவாக்கியது. ஜப்பானில் வெளியிட்டது டைட்டோ நிறுவனம். 1978இல் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்ற விளையாட்டைத் தந்து புகழ்பெற்ற அதே நிறுவனம்தான். அதே 2006இல் குக்கிங் மாமா அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் சென்றது. விளையாடியவர்கள் அதைப் பற்றிப் பலவாறு பேசினார்கள். சிலர் புகழ்ந்தார்கள்; சிலர் சலித்துக்கொண்டார்கள். ஒரே விளையாட்டைப் பற்றி ஏன் இப்படி நேர்மாறான கருத்துகள்? விடையைக் கருவிக்குள்ளேயே தேடுவோம், வாருங்கள்.

விளையாட்டு எப்படி?

இது நின்டெண்டோ டி.எஸ். என்ற கையடக்கக் கருவியில் ஆடப்பட்ட விளையாட்டு. 2004இல் வெளிவந்த அந்தக் கருவி, உற்பத்தி நிற்பதற்குள் 15 கோடிக்கும் மேல் விற்றது. புத்தகம் போல விரியும் அதில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு திரைகள் இருந்தன. கீழ்த்திரை தொடுதிரை. அதைத் தொடுவதற்கென்றே ஸ்டைலஸ் என்ற சிறு குச்சி ஒன்றும் உடன் வந்தது.

விளையாட்டில் மொத்தம் 76 உணவு வகைகள். பொரித்த முட்டையிலிருந்து ராமென் வரை எல்லாம் உண்டு. ஒவ்வொரு உணவும் சிறுசிறு வேலைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். முதலில் வெங்காயத்தை நறுக்க வேண்டும்: குச்சியால் விரைவாகக் கோடுகள் இழுக்க வேண்டும். அடுத்து மாவைக் கலக்க வேண்டும்: குச்சியை வட்டமாகச் சுழற்ற வேண்டும். பிறகு வாணலியைக் கவனிக்க வேண்டும்: சரியான நொடியில் தீயைக் குறைக்க வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் கால வரம்பு உண்டு.

நன்றாகச் செய்தால் அம்மா மனமாரப் பாராட்டுவாள். கெடுத்துவிட்டால் அவள் கண்களில் நெருப்புப் பற்றி எரியும்! ஆனால் அடுத்த கணமே, 'கவலைப்படாதே, நான் சரிசெய்கிறேன்' என்று தேற்றுவாள். முடிவில் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று பதக்கம் கிடைக்கும்.

யார் என்ன சொன்னார்கள்?

புகழ்ந்தவர்கள் சொன்னவற்றை மூன்றாகச் சுருக்கலாம். ஒன்று, யாரும் எளிதில் ஆடலாம். இதற்கு முன் விளையாட்டுக் கருவியையே தொடாதவர்கூட குச்சியை எடுத்து ஆடத் தொடங்கிவிடலாம். இரண்டு, கையின் அசைவு வேலைக்குப் பொருத்தமாக இருக்கிறது. மூன்று, அம்மாவின் கோபமும் கொஞ்சலும் சிரிப்பை வரவழைக்கின்றன.

குறை கண்டவர்களின் கருத்துகளையும் மூன்றாகச் சுருக்கலாம். ஒன்று, செய்ததையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கிறது. இரண்டு, சில வேலைகளை எப்படிச் செய்வது என்று முதல் முறை புரிவதில்லை. தோற்ற பிறகே புரிகிறது. மூன்று, இது உண்மையான சமையல் அல்ல. சொந்த விருப்பப்படி ஒரு சிட்டிகை உப்புக் கூட்டிப் பார்க்கக்கூட வழியில்லை.

இவற்றில் எது சரி? தீர்ப்புச் சொல்ல அவசரப்படாமல், குச்சி திரையைத் தொடும்போது என்ன நடக்கிறது என்று முதலில் பார்ப்போம்.

திரைக்குள் ஒரு மின்சுற்று

நின்டெண்டோ டி.எஸ்.இன் தொடுதிரை, மின்தடை வகையைச் சேர்ந்தது. அதில் ஒன்றன்மேல் ஒன்றாக, ஒளி ஊடுருவும் இரண்டு படலங்கள் இருக்கும். இரண்டின் உட்புறத்திலும் மின்சாரத்தைக் கடத்தும் மெல்லிய பூச்சு உண்டு. இத்தகைய பூச்சுக்கு இண்டியம் டின் ஆக்சைடு என்ற பொருள் பயன்படுகிறது. அது மின்சாரத்தையும் கடத்தும்; ஒளியையும் மறைக்காது. இரண்டு படலங்களும் ஒட்டிக்கொள்ளாதபடி இடையே கண்ணுக்குத் தெரியாத சிறு புள்ளிகள் தாங்கி நிற்கும்.

குச்சியால் அழுத்தினால் மேல் படலம் சற்றே வளைந்து, அந்த ஓர் இடத்தில் மட்டும் கீழ்ப் படலத்தைத் தொடும். இப்போது ஒரு படலத்தின் இடக் கோடியில் 0 வோல்ட், வலக் கோடியில் 3 வோல்ட் கொடுத்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடமிருந்து வலமாகப் போகப்போக மின்னழுத்தம் சீராக உயரும். தொட்ட இடத்தில் உள்ள மின்னழுத்தத்தை மற்றப் படலம் எடுத்துச் சொல்லும். அது 1 வோல்ட் என்றால், தொட்ட இடம் இடக் கோடியிலிருந்து மூன்றில் ஒரு பங்குத் தூரத்தில் இருக்கிறது என்று பொருள். அடுத்த கணம் இதே வேலை மேலும் கீழுமாக நடக்கும். இரண்டு அளவுகளும் கிடைத்துவிட்டால் புள்ளி எங்கே என்பது தெரிந்துவிடும். வரைபடத் தாளில் நீங்கள் குறிக்கும் x, y அளவுகளேதாம் இவை!

நீங்களே செய்து பாருங்கள்

ஒரு வெள்ளைத் தாளில் 10 செ.மீ. நீளம், 1 செ.மீ. அகலத்தில் ஒரு பட்டை வரைந்து, 6பி பென்சிலால் அழுத்தமாகத் தீட்டுங்கள். பென்சிலில் உள்ள கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும். அதே சமயம் தடையும் செய்யும். 9 வோல்ட் மின்கலத்தின் இரு முனைகளையும் பட்டையின் இரு கோடிகளில் கம்பியும் கிளிப்பும் கொண்டு இணையுங்கள். டிஜிட்டல் மல்டிமீட்டரின் கறுப்பு முனையை எதிர்மின் கோடியில் வைத்து, சிவப்பு முனையால் பட்டையை ஆங்காங்கே தொட்டுக்கொண்டே போங்கள். நடுவில் ஏறத்தாழ 4.5 வோல்ட் காட்டும். இப்போது நண்பரைத் தொடச் சொல்லிவிட்டு, நீங்கள் பட்டையைப் பாராமல், அளவை மட்டும் பார்த்து அவர் தொட்ட இடத்தைச் சொல்ல முயலுங்கள். மின்கலத்தைத் தவிர வேறெதையும் இதற்குப் பயன்படுத்தக் கூடாது. வீட்டு மின் இணைப்பின் அருகிலும் போகக் கூடாது.

உங்கள் ஊகம் சற்றுத் தவறலாம். பென்சில் பூச்சு எங்கும் ஒரே சீராக இராததே காரணம். நின்டெண்டோ டி.எஸ்.இலும், குறிப்பிட்ட சில புள்ளிகளைத் தொட்டுக் காட்டித் திரையைச் சரிசெய்துகொள்ளும் வசதி இருந்தது.

கருவிக்குத் தெரிந்தது எவ்வளவு?

இப்போது நறுக்குதலுக்கும் கலக்குதலுக்கும் வருவோம். நீங்கள் வெங்காயம் நறுக்குவதாக நினைக்கிறீர்கள். கருவியோ, ஒரு புள்ளி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு இத்தனை நேரத்தில் நகர்ந்தது என்பதை மட்டுமே காண்கிறது. நீங்கள் மாவு கலக்குகிறீர்கள். கருவியோ, ஒரு மையத்தைச் சுற்றிப் புள்ளி எத்தனை பாகை திரும்பியது என்று கூட்டிக்கொண்டே போகலாம். 360 பாகை சேர்ந்தால் ஒரு சுற்று. அதன் கீழ்த்திரை அகலத்தில் 256, உயரத்தில் 192 படப்புள்ளிகள் கொண்டது, பெருக்கினால் 49,152. அதன் சமையலறையின் பரப்பு அவ்வளவுதான். சூடான உணவை ஊதி ஆறவைக்கும் வேலையும் விளையாட்டில் உண்டு. அங்கே வேலை செய்வது மைக்ரோபோன். அதற்குத் தெரிவதும் காற்றழுத்தத்தின் மாறுதல்தானே தவிர, உணவின் வெப்பம் அல்ல.

இன்னொன்றையும் கவனியுங்கள். நாம் காய் நறுக்கும்போது இடக்கை காயைப் பிடித்துக்கொள்கிறது; வலக்கை கத்தியைப் பிடிக்கிறது. இந்தத் திரையோ ஒரு சமயத்தில் ஒரு புள்ளியையே அறியும். இரண்டு இடங்களில் அழுத்தினால், இரண்டுக்கும் இடைப்பட்ட ஏதோ ஓரிடத்தைச் சொல்லிக் குழம்பிவிடும். இன்றைய கைப்பேசித் திரைகள் விரலின் மின்னேற்பை உணர்வதால் பல விரல்களைத் தனித்தனியே அறிகின்றன. அன்றைய குக்கிங் மாமாவுக்கு அந்த வசதி இல்லை. அதன் சமையல்காரருக்கு ஒரு கை, அதிலும் ஒரே ஒரு விரல்!

புகழும் குறையும் பிறந்த இடம்

கருத்துகளை மீண்டும் எடுத்துப் பார்ப்போம். 'எளிதில் ஆடலாம்' என்றார்கள். ஒரு முனையை நகர்த்துவதைத் தவிரக் கற்க வேறொன்றும் இல்லை, அதனால் எளிது. 'செய்ததையே செய்கிறோம்' என்றார்கள். ஒரு முனையால் செய்யக்கூடிய அசைவுகள் எத்தனை? தட்டலாம், கோடு இழுக்கலாம், சுழற்றலாம், ஒரு பொருளை இழுத்து வேறிடத்தில் விடலாம், சரியான நேரம் பார்த்துத் தொடலாம். இந்தச் சில அசைவுகளைக் கொண்டே 76 உணவுகளும் ஆக வேண்டும். ஆகவே அசைவுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. புகழுக்கும் குறைக்கும் காரணம் ஒன்றே!

முதல் நாள் கைக்கு எல்லாம் புதிது, மகிழ்ச்சி மிகுதி. அசைவுகள் பழகிய பிறகு கை தானே செய்துவிடுகிறது. மனத்துக்கு வேலை குறைகிறது. எனவே ஓர் ஆட்டம் மட்டும் ஆடியவரும் நாற்பது ஆட்டம் ஆடியவரும் வேறு வேறு கருத்துச் சொல்வதில் வியப்பில்லை. 2007இல் வீ என்ற கருவிக்கு இதே வரிசையில் ஒரு விளையாட்டு வந்தது. அதில் திரையைத் தொடுவதற்குப் பதில், கையில் பிடித்த கட்டுப்பாட்டுக் கருவியை வீசி ஆட வேண்டும். கையசைவு பெரிதாயிற்று, ஆனால் அசைவைக் கருவி சரியாகப் புரிந்துகொள்வதில்லை என்ற குறையும் எழுந்தது. நுட்பமான வேலைக்குக் குச்சியும் திரையும் எவ்வளவு பொருத்தம் என்பதைப் பலர் அப்போதுதான் உணர்ந்தார்கள்.

சராசரி மறைப்பது

விமர்சகர்கள் தந்த மதிப்பெண்களைத் தொகுத்துச் சராசரி காண்பதுண்டு. குக்கிங் மாமாவுக்கு அப்படி 100க்கு 60க்கும் 70க்கும் இடையே கிடைத்தது. இதைப் பார்த்து 'நடுத்தரமான விளையாட்டு' என்று முடிவு கட்டிவிடலாமா?

ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு விளையாட்டுக்குப் பத்துப் பேரும் ஆளுக்கு 6 மதிப்பெண் தருகிறார்கள், சராசரி 6. இன்னொன்றுக்கு ஐந்து பேர் 9 தருகிறார்கள்; மற்ற ஐந்து பேர் 3 தருகிறார்கள்; அதன் சராசரியும் 6. முதலாவது யாரையும் பெரிதாகக் கவரவில்லை. இரண்டாவது பாதிப் பேரை மயக்கியிருக்கிறது. சராசரி எண் இந்த வேறுபாட்டைச் சொல்லாது. ஆகவே மதிப்பெண்ணைக் கேட்பதோடு நிற்காதீர்கள். யார் சொன்னார், எத்தனை நேரம் ஆடினார், எதை எதிர்பார்த்து ஆடினார் என்றும் கேளுங்கள்.

சமைக்கக் கற்றுக்கொள்ளலாமா?

இனி மூன்றாவது குறை: 'இது உண்மையான சமையல் அல்ல.' ஆம், மணமும் சூடும் சுவையும் இதில் இல்லை, கண்ணீரும் இல்லை. ஆனால் எதற்குப் பின் எது என்ற வரிசை இருக்கிறது. எண்ணெய் காய்ந்த பிறகே போட வேண்டும் என்ற கால உணர்ச்சியும் இருக்கிறது. அப்படியானால் இதை ஆடியவர் உண்மையில் நன்றாகச் சமைப்பாரா?

'சமைப்பார்' என்பதும் கருத்துதான். 'சமைக்கமாட்டார்' என்பதும் கருத்துதான். உண்மையை அறியச் சோதனை வேண்டும். இதுவரை சமைத்தறியாத மாணவர்களைச் சீட்டுக் குலுக்கி இரண்டு குழுக்களாகப் பிரிக்க வேண்டும். ஒரு குழு ஒரு வாரம் சமையல் விளையாட்டு ஆட வேண்டும். மற்றக் குழு வேறொரு விளையாட்டு ஆட வேண்டும். பிறகு இரு குழுவினரும் ஒரே உணவைச் சமைக்க வேண்டும். எதை யார் சமைத்தார் என்று அறியாத ஒருவர் சுவைத்து மதிப்பெண் இட வேண்டும். ஏன் சீட்டுக் குலுக்க வேண்டும்? சுவைப்பவருக்கு ஏன் பெயர் தெரியக் கூடாது? யோசித்துப் பாருங்கள். இந்த இரு கேள்விகளுக்கும் விடை சொல்ல முடிந்தால், விஞ்ஞானிகள் ஒரு புது மருந்தை எப்படிச் சோதிக்கிறார்கள் என்பதும் உங்களுக்குப் புரிந்துவிடும்.

இனி யாராவது ஒரு விளையாட்டை 'அருமை' என்றாலோ 'மட்டம்' என்றாலோ உடனே நம்பவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். அந்தச் சொல்லுக்குக் கருவியில் எது காரணம், ஆடியவரில் எது காரணம் என்று பிரித்துப் பாருங்கள். அப்படிப் பார்த்தால் இருவர் சொல்வதும் மெய்யாக இருக்கக் கூடும்.

உங்கள் வீட்டு அம்மாவிடம் ஒரு நாள் கத்தியையும் வெங்காயத்தையும் கேட்டு வாங்கி, அவர் பக்கத்தில் இருக்கும்போது நறுக்கிப் பாருங்கள். அந்த 49,152 புள்ளிகளில் அடங்காதது எது என்பதைக் கண்ணே சொல்லிவிடும்.