பேராக் ஈயமும் பால்மரமும் வாங்கிய போர்க்கப்பல்

முதல் உலகப் போர் என்றதும் நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது எம்டன் கதைதான். 1914 செப்டம்பரில் சென்னையைக் குண்டுவீசித் தாக்கிவிட்டு, அக்டோபர் 28ஆம் நாள் விடியற்காலையில் பினாங்குத் துறைமுகத்திலேயே புகுந்து ஒரு ரஷ்யக் கப்பலை மூழ்கடித்த ஜெர்மானியக் கப்பல் அது. சூழ்ச்சிக்காரனை ‘அவன் ஓர் எம்டன்’ என்று இன்றும் சொல்கிறோமல்லவா? ஆனால் அதே போரில் நம் நாட்டின் பெயரைத் தாங்கிச் சண்டையிட்ட கப்பலை நம்மில் அநேகர் அறியோம். அதன் பெயர் ‘மலாயா’.

ஜெர்மனியும் பிரிட்டனும் போட்டி போட்டுப் போர்க்கப்பல் கட்டிய காலம் அது. 1912இல், பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கு கூட்டு மாநிலங்களும் பிரிட்டிஷ் கடற்படைக்கு ஒரு கப்பல் வழங்குவதென்று தீர்மானித்தன. அதை முன்மொழிந்தவர் பேராக் சுல்தான் இட்ரிஸ். விலை ஏறத்தாழ 29 லட்சம் பவுன். அன்றைய மாற்று விகிதப்படி 2 கோடியே 50 லட்சம் வெள்ளிக்கு மேல்!

அவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது? கூட்டு மாநிலங்களின் கஜானாவில் பெரும்பங்கு ஈய ஏற்றுமதி வரி. கிந்தாப் பள்ளத்தாக்கில் சீனத் தொழிலாளர்கள் தோண்டிய ஈயம் அது. ரப்பருக்கும் ஏற்றுமதி வரி உண்டு. அந்தப் பாலைச் சீவியவர்களில் பெரும்பாலோர் நம் பாட்டன் பாட்டிமார். அவர்களுடைய நாள் கூலி அப்போது அரை வெள்ளியைக்கூட எட்டவில்லை. அரை வெள்ளி என்றே வைத்துக் கணக்குப் போடுங்கள், பிள்ளைகளே: 5 கோடி நாள் கூலிக்கு ஒரு கப்பல். அவர்களை யாரும் கேட்டுச் செய்யவில்லை.

சுல்தான் இட்ரிஸ் 1916 ஜனவரியில் காலமானார். அடுத்த மாதம் கப்பல் கடற்படையில் சேர்ந்தது. எட்டு பீரங்கிகள், ஒவ்வொரு குண்டும் சுமார் 870 கிலோ. மே 31ஆம் நாள் டென்மார்க்கை அடுத்த வடகடலில் ஜட்லண்டுப் போர் மூண்டது. வெள்ளை, சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்ற நம் நான்கு வண்ணக் கொடி அன்று அக்கப்பலில் பறந்தது.

ஜெர்மன் பெரும்படை எதிரே வந்ததும் பிரிட்டிஷ் கப்பல்கள் திரும்பவேண்டியதாயிற்று. ஒரே நேரத்தில் எல்லாம் திரும்பாமல், ஒன்றன்பின் ஒன்றாக ஒரே இடத்தில் திரும்பின. எதிரிக்கு அந்த இடத்தைக் குறிவைத்தாலே போதும். அந்த அணியின் நான்கு கப்பல்களில் கடைசியாக வந்தது ‘மலாயா’. திரும்பி வடக்கே ஓடும்போதும் எதிரிக்குக் கிட்டத்தில் இருந்தது அதுவே. சிறு பீரங்கிகளை வேண்டுமென்றே முன்னால் கடலில் சுட்டு, நீர்த்திரை எழுப்பி மறைந்துகொள்ளத் தளபதி கட்டளையிட்டார். அது நடக்குமுன் ஒரு குண்டு அந்தப் பீரங்கி வரிசையிலேயே விழுந்தது. அங்கே அடுக்கியிருந்த வெடிமருந்து பற்றியெரிந்தது. மொத்தம் எட்டுக் குண்டுகள் தாக்கின. 65 பேர் இறந்தனர். ஆயினும் கப்பல் மூழ்கவில்லை.

அன்று பிரிட்டன் 14 கப்பல்களையும் ஜெர்மனி 11 கப்பல்களையும் இழந்தன. இரு தரப்பும் வெற்றி தமக்கே என்றன. ஜெர்மன் படையால் பிரிட்டனின் கடல் முற்றுகையை உடைக்க முடியவில்லை என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

1941 டிசம்பரில் ஜப்பானியர் நம் பேராக்கிற்குள் இறங்கி, ஆண்டு முடிவில் கம்பாரில் கடும் சண்டை நடந்தபோது, நம் வரிப்பணத்தில் பிறந்த ‘மலாயா’ நம் கடலில் இல்லை. 1948இல் அதை ஸ்காட்லாந்தில் உடைத்துப் பழைய இரும்பாக்கிவிட்டார்கள்.