பழைய பிக்கப் வண்டியும் பின்புறக் கமான் பட்டையும்

கோவில்பட்டிக்கும் கயத்தாறுக்கும் இடையே உள்ள இடைசெவல் போன்ற கரிசற் கிராமங்களில், முன்பு மாட்டு வண்டி செய்துவந்த வேலையில் பெரும் பகுதியை இன்று பிக்கப் வண்டி செய்துவருகிறது. பருத்தியும் மக்காச்சோளமும் உளுந்தும் மிளகாயும் சந்தைக்குப் போவதும், உரமும் விதையும் ஊருக்கு வருவதும், கோடையில் குடிநீர் வந்து சேர்வதும் பெரும்பாலும் அதனால்தான். புது வண்டி வாங்க வசதியில்லாத விவசாயி, பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓடிய மகிந்திரா பொலேரோ பிக்கப்பையோ, டாட்டா 207 வண்டியையோ வாங்குகிறார். அதன் பின்புறம் ஏற்கெனவே தாழ்ந்திருக்கிறது. பட்டறைக்குக் கொண்டுபோய், "இரண்டு பட்டை கூடப் போட்டுவிடுங்கள்" என்று சொல்லிவிடுகிறார். இது எல்லா வண்டிக்கும் பொருந்தும் வைத்தியம் அன்று. சில வண்டிகளுக்கு இதனால் கெடுதலே நேரும்.

இவ்வகை வண்டிகளில் பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே இருசில் அமைந்துள்ளன. அந்த இருசு, இரு புறமும் கமான் பட்டைக் கட்டுகளுடன் யு போல்ட்டுகளால் இறுக்கப்பட்டிருக்கிறது. பட்டைகளுக்குச் சுமை தாங்குவது ஒன்றே வேலை என்று பலர் நினைக்கின்றனர். இருசை அதன் இடத்தில் நேராக நிறுத்தி வைப்பதும், எஞ்சின் இழுக்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் இருசு முறுக்கிக்கொள்ளாமல் தடுப்பதும் அவற்றின் வேலையே. ஆகையால், பட்டையில் செய்யும் மாறுதல் ஒவ்வொன்றும் வண்டியின் ஓட்டத்தையும் பிரேக்கையும் சேர்த்தே பாதிக்கும்.

முதலில் அறிய வேண்டியது, பட்டை வளைவு இழந்திருக்கிறதா, அல்லது ஏற்றும் சுமைக்கு அதன் விறைப்பே போதவில்லையா என்பதாகும். இவ்விரண்டும் வேறு வேறு. எஃகின் விறைப்பு வயதினால் குறைவதில்லை. பல ஆண்டுகள் பாரம் சுமந்ததால் அதன் வளைவுதான் தட்டையாகிப்போகிறது. இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். காலி வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பின் சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே உள்ள தொட்டியின் விளிம்பு வரை இரு பக்கமும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு 50 கிலோ மூட்டைகள் பத்தை இருசுக்கு நேர் மேலே அடுக்கி, மறுபடியும் அளவெடுங்கள். (யூரியா மூட்டை இப்போது 45 கிலோதான் என்பதை மறந்துவிட வேண்டாம்.) அதே வகையைச் சேர்ந்த நல்ல வண்டி ஒன்றிலும் இதே அளவுகளை எடுத்து ஒப்பிடுங்கள். காலியாக இருக்கும்போதே உங்கள் வண்டி தாழ்ந்து நின்று, மூட்டை ஏற்றியபின் இரண்டும் ஒரே அளவே இறங்கினால், குறை வளைவில் உள்ளது. அதற்கு ஏற்றது புதுக் கட்டு, அல்லது பழைய கட்டை முறைப்படி வளைத்துப் பதப்படுத்துவது. கூடுதல் பட்டை போட்டால் வண்டி உயரும் என்பது உண்மையே. ஆனால் தேவையற்ற விறைப்பும் உடன் வந்து சேரும்.

"முறைப்படி" என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பட்டையைச் சூடாக்கி வளைத்து, எண்ணெயில் குளிரவைத்து, மீண்டும் மிதமான சூட்டில் பதம் இறக்க வேண்டும். வெறும் சம்மட்டியால் குளிர் நிலையில் அடித்து வளைத்த பட்டை விரைவில் பழையபடி தாழ்ந்துவிடும். பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கிய பட்டையோ கண்ணாடிபோல் ஒடியும். கலப்பைக் கொழு அடிக்கும் உலையில் இந்த வேலையைச் செய்யச் சொல்வது பொருத்தமன்று. பழைய கமான் பட்டையை வாங்கி அருவாள் அடிக்கும் கொல்லருக்கு அந்த எஃகின் குணம் நன்றாகத் தெரியும். எனினும் அருவாளுக்கு வேண்டிய பதம் வேறு, ஸ்பிரிங்கிற்கு வேண்டிய பதம் வேறு.

சுமைக்கு விறைப்பு போதவில்லை என்று தெரிந்தால்தான் பட்டை சேர்ப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும். இங்கே ஒரு கணக்கு உண்டு. ஐந்து பட்டை உள்ள கட்டில் அதே கனமுள்ள பட்டை ஒன்றைச் சேர்த்தால், விறைப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடும். ஆனால் பட்டையின் கனத்தைக் கூட்டினால் விறைப்பு மும்மடிப் பெருக்கமாக ஏறுகிறது. 7 மில்லிமீட்டர் பட்டைக்குப் பதிலாக 8 மில்லிமீட்டர் பட்டை போட்டால், அந்தப் பட்டையின் விறைப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். பழைய இரும்புக் கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்று 12 மில்லிமீட்டர் லாரிப் பட்டையை அதே நீள அகலத்திற்கு வெட்டிச் சேர்த்தால், அந்த ஒன்றே பிக்கப்பின் பட்டைகள் ஐந்துக்குச் சமம்! கட்டின் விறைப்பு இரட்டித்துவிடும். வளைவு இழந்த கட்டு வேறு, விறைப்புக் குறைந்த கட்டு வேறு என்று மேலே பிரித்துச் சொன்னதன் பயன் இப்போது விளங்கும்.

அளவுக்கு மீறிய விறைப்பு கரிசலுக்கு ஆகாது. வடகிழக்குப் பருவமழை பெய்து ஓய்ந்தபின், காட்டுப் பாதையில் பதிந்த சக்கரத் தடங்கள் அப்படியே காய்ந்து கல்லாகிவிடுகின்றன. கோடையில் நிலம் வெடித்துப் பிளக்கிறது. இத்தகைய மேடுபள்ளத்தில் பட்டை இணங்கிக் கொடுத்தால்தான் இரண்டு சக்கரமும் மண்ணைத் தொட்டு நிற்கும். விறைத்த பட்டையுள்ள காலி வண்டியில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தூக்கிக்கொண்டு வீணாகச் சுழலும், வண்டி நின்றுவிடும். பட்டையை உயர்த்தினால் வண்டியின் அடிவயிறு தட்டாது என்று எண்ணுவதும் முழு உண்மையன்று. உயர்வது சட்டமும் தொட்டியுமே. அடியில் தொங்கும் டிஃபரன்ஷியல் உருண்டை இருசோடு சேர்ந்தது. அதன் உயரத்தை டயரின் அளவுதான் தீர்மானிக்கிறது. ஈரக் கரிசல் சக்கரத்தில் அப்பி வரும் நாளிலோ, எந்தப் பட்டையும் உதவாது. பாதை உலரும் வரை வண்டியைத் தார்ச் சாலையிலேயே நிறுத்துவதுதான் விவேகம்.

பெரும்பாலும் காலியாகவோ அரைப் பாரத்துடனோ ஓடி, அறுவடைக் காலத்தில் மட்டும் முழுப் பாரம் ஏற்றும் வண்டிக்குத் துணைப் பட்டை ஏற்றது. இது கட்டோடு எப்போதும் சேர்ந்து உழைப்பதில்லை. பாரம் ஏறி வண்டி சற்று இறங்கிய பிறகே தாங்கத் தொடங்கும். ஆகவே காலி வண்டியின் இணக்கம் கெடுவதில்லை. பல வண்டிகளில் இது தொடக்கத்திலேயே உண்டு. தேய்ந்தோ ஒடிந்தோ போயிருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். காற்றுப் பை வைக்கும் முறையும் உண்டு. ஆனால் அது சட்டத்தின் ஒரே இடத்தில் பாரத்தைக் குவிக்கிறது. பழைய சட்டத்தில் துருவோ விரிசலோ இருந்தால் அந்த இடம் விட்டுப்போகும். அதன் உதிரிப் பாகங்களும் பட்டையைப்போல் எங்கும் கிடைப்பவை அல்ல. கரிசல் விவசாயிக்கு அதைச் சிபாரிசு செய்ய மனம் வரவில்லை.

ஷாக் அப்சார்பர் சுமை தாங்குவதன்று. பட்டையின் குதிப்பை அடக்குவது. அதில் எண்ணெய் கசிந்தாலோ, வண்டியை ஒரு மூலையில் அழுத்திவிட்டால் பலமுறை ஆடினாலோ, இரு பக்கமும் சேர்த்து மாற்றிவிடுங்கள். பட்டைக்குச் செலவு செய்யுமுன் இதைப் பார்ப்பது சிக்கனம்.

பாரத்தின் எல்லைக்கு வருவோம். பட்டை சேர்த்ததனால் வண்டியின் சுமைத்திறன் உயர்ந்துவிட்டது என்ற எண்ணமே பல விபத்துகளுக்கு வித்து. இருசு, டயர், பிரேக், சட்டம் எதுவும் மாறவில்லை. வண்டி தாழ்ந்து காட்டிய எச்சரிக்கை மட்டும் மறைந்துபோகிறது. பதிவுச் சான்றில் மொத்த எடையும் வெற்று எடையும் குறிக்கப்பட்டிருக்கும். உதாரணமாக, மொத்த எடை 2,800 கிலோ, வெற்று எடை 1,700 கிலோ என்றால், ஆட்கள் உட்பட 1,100 கிலோவே ஏற்றலாம். தண்ணீர் லாரி வர முடியாத ஊர்களுக்குத் தொட்டி வைத்த பிக்கப்பை அமர்த்தும் பஞ்சாயத்தார் இந்தக் கணக்கைக் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். 1,000 லிட்டர் தண்ணீர் ஒரு டன். 2,000 லிட்டர் தொட்டி நிரம்பினால் இந்தப் பழைய வண்டி தாங்காது. அரைத் தொட்டியும் ஆபத்தில்லாததன்று. வளைவில் தண்ணீர் ஒரு பக்கமாக அலைந்து வண்டியைச் சாய்த்துவிடும். பருத்தி இதற்கு மாறானது. எடை குறைவு, உயரம் அதிகம். பட்டை தாழாவிட்டாலும் வண்டி கவிழலாம். அந்தப் பாரத்தின் மேல் கூலி ஆட்களை உட்காரவைத்து அழைத்து வரும் வழக்கத்தை அறவே விட்டுவிட வேண்டும்.

சில பிக்கப்புகளில், பின்புறம் தாழ்வதைக்கொண்டு பின் பிரேக்கின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று இருசோடு இணைக்கப்பட்டிருக்கும். பட்டையை உயர்த்திவிட்டு வால்வைத் திருத்தாவிட்டால், முழுப் பாரத்திலும் வண்டி காலி என்று அது எடுத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். பட்டறையில் இதைக் கேட்டு வாங்குங்கள். உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அதிகப் பாரத்திற்கு 20,000 ரூபாயும், மிகுதியான டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் உண்டு.

வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது யு போல்ட்டுகள் புதியவைதாமா என்று பாருங்கள். ஒருமுறை இறுக்கி நீண்டுபோன போல்ட்டைத் திரும்ப மாட்டுவது நல்லதன்று. சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் பாரத்துடன் அவற்றை மறுபடி இறுக்க வேண்டும். அவை தளர்ந்தால் நடு போல்ட் அறுந்து இருசு விலகும். அல்லது அந்த போல்ட் துளையில் பட்டை ஒடியும். மழைக் காலத்தில் பட்டைகளின் இடுக்கில் அடையும் களிமண்ணை, அது இறுகிப்போகுமுன் அன்றன்றே தண்ணீர் பாய்ச்சிக் கழுவிவிடுங்கள்.