கப்பலில் ஏன் குமட்டுகிறது?
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

"ஏண்டா, காலேஜுல படிக்கிறியே, இது என்ன வியாதின்னு சொல்லேன்" என்று என் தாயார் என்னைக் கேட்டார். கேட்ட இடம் வங்காள விரிகுடாவின் நடுப்பகுதி. கேட்ட நேரம் கப்பல் ஏறிய இரண்டாம் நாள் மாலை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே எந்தச் சந்தேகமாக இருந்தாலும் என்னிடந்தான் வரும். அன்று எனக்கு விடை தெரியவில்லை. ஊர் திரும்பியதும் விலங்கியல் பேராசிரியர் அவர்களைத் தொந்தரவு செய்தும், நூலகத்தில் தேடியும் தெரிந்துகொண்டதையே இங்கு எழுதுகிறேன்.

என் தந்தை அந்தமானில் கொத்தனார் வேலை பார்க்கிறார். 2024-இல் போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். எங்கள் வீட்டில் இன்னும் பழைய பெயர்தான். சென்ற மே மாதக் கடைசியில் தாயார், பத்து வயதுத் தங்கை, நான் மூவரும் அவரைப் பார்க்கப் புறப்பட்டோம். தாம்பரத்தில் மின்சார ரயிலேறிக் கடற்கரை நிலையத்தில் இறங்கி, துறைமுகம் சென்று கப்பல் ஏறினோம். சுமார் 1,200 கிலோமீட்டர் தூரம். ஏறக்குறைய மூன்று நாள் பிரயாணம். எங்களுக்குக் கிடைத்தவை கீழ்த்தளத்தில், கப்பலின் முன்பகுதியை ஒட்டிய அடுக்குப் படுக்கைகள்.

கரை மறையும்வரை யாவரும் மேல்தளத்தில் நின்று கையசைத்துக்கொண்டிருந்தோம். அன்றிரவே தங்கை ஆரம்பித்து வைத்தாள். அடுத்து தாயார். தைரியம் சொல்லிக்கொண்டிருந்த நான் மூன்றாவது. ஒரே வாளிக்கு மூவரும் போட்டியிட்ட அந்தக் காட்சியை விவரிக்காமல் விடுவது வாசகர்களுக்கு நான் செய்யும் உபகாரம்.

மே கடைசியில் அந்தமான் கடலில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிடுகிறது. கப்பல் செல்வதோ கிழக்கு, சற்றே தென்கிழக்கு. ஆகவே காற்றும் அலையும் வலப்பக்க விலாவில் வந்து மோதும். கப்பல் பக்கவாட்டில் உருளும். அதோடு முன்பக்கம் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும். படுத்துக்கொண்டே கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். இருபது ஏற்றத்துக்கு நூற்றுநாற்பது விநாடி. அதாவது ஓர் அலைவுக்கு ஏழு விநாடி. அப்போது அது வெறும் பொழுதுபோக்கு. பிறகுதான் அந்த எண்ணின் அருமை தெரிந்தது.

நமது உட்செவியில் கேட்பதற்கான பகுதியோடு, நிலையறியும் கருவி ஒன்றும் இருக்கிறது. ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமைந்த மூன்று அரைவட்டக் குழல்கள்; உள்ளே திரவம். நீர் நிறைந்த டம்ளரைச் சட்டென்று சுழற்றினால் டம்ளர் திரும்பும், நீர் பின்தங்கும் அல்லவா? அதே போலத் தலை திரும்பும்போது குழலில் உள்ள திரவம் பின்தங்கி, அங்குள்ள நுண்மயிர்களை வளைக்கிறது. இதனால் சுழற்சி தெரிகிறது. அருகிலேயே இரண்டு சிறு பைகளில் கால்சியம் கார்பனேட் படிகங்கள் உள்ளன. மேலே ஏறுவதையும் கீழே இறங்குவதையும், தலை சாய்வதையும் தெரிவிப்பவை அவை.

கப்பலின் அடித்தளத்தில் படுத்திருப்பவனுக்கு என்ன நேர்கிறது? "ஏறுகிறோம், இறங்குகிறோம்" என்று செவி ஓயாமல் சொல்கிறது. கண்ணோ எதிரே உள்ள இரும்புச் சுவரைப் பார்த்து "ஒன்றும் அசையவில்லை" என்கிறது, ஏனெனில் சுவரும் நம்மோடு சேர்ந்தே அசைகிறது. இரண்டு சாட்சிகளும் மாறுபட்டுச் சொன்னால் நீதிபதி என்ன செய்வார்? மூளை குழம்புகிறது. வியர்வை, கொட்டாவி, வாயில் நீர் ஊறுதல், குமட்டல், வாந்தி. இதுவே புலன்களின் முரண்பாட்டுக் கொள்கை. ரீசன், பிராண்ட் என்ற இருவர் 1975-இல் எழுதிய நூல் இதை விரிவாக விளக்கியது. செவியே மூலகாரணம் என்பதற்கான சான்று அதற்கும் முந்தியது. வில்லியம் ஜேம்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் காது கேளாதோர் பலரைச் சுழலச் செய்து பார்த்தார். அவர்களில் மிகப் பலருக்குத் தலையே சுற்றவில்லை என்று 1882-இல் வெளியிட்டார்.

சரி, மூளை குழம்பினால் வயிறு ஏன் புரட்ட வேண்டும்? 1977-இல் டிரீஸ்மன் என்பவர் ஒரு விளக்கம் தந்தார். நச்சுப் பண்டம் உண்ட உயிருக்கும் புலன்கள் இப்படித்தான் தடுமாறும். ஆகவே மூளை, "விஷம் உள்ளே போய்விட்டது, வெளியே தள்ளு" என்று உத்தரவிடுகிறதாம். இது ஊகந்தான்; மறுப்போரும் உண்டு. எனக்கு என்னவோ பிடித்திருக்கிறது.

இப்போது அந்த ஏழு விநாடிக்கு வருவோம். மேலும் கீழும் அசையும் அறைகளில் மனிதர்களை அமர்த்தி 1970-களில் அமெரிக்காவில் சோதித்தார்கள். விநாடிக்குச் சுமார் 0.2 அலைவு, அதாவது ஐந்து விநாடிக்கு ஒன்று என்ற அளவை ஒட்டிய அசைவே மிகுதியாகக் குமட்டலை உண்டாக்குகிறது என்று கண்டார்கள். மிக விரைவான அதிர்வு உடம்பை வலிக்கச் செய்யும், குமட்டச் செய்யாது. நம் மின்சார ரயில் பல்லாவரத்துக்கும் குரோம்பேட்டைக்கும் நடுவே எவ்வளவு உலுக்கினாலும் யாரும் வாந்தி எடுப்பதில்லை. அந்த உலுக்கல் விரைவானது. அதே ஜி.எஸ்.டி. சாலையில், நெரிசலில் நின்று நின்று கிளம்பும் பேருந்தில், கிளாம்பாக்கம் போய்ச் சேர்வதற்குள் என் தங்கைக்கு எலுமிச்சம்பழம் தேவைப்படுகிறது. அந்த முன்தள்ளலும் பின்தள்ளலும் மெதுவான கதியில் வருகின்றன. ஏற்காட்டு மலைப்பாதை வளைவுகளும் அப்படியே. ஓட்டுநருக்கு மட்டும் ஒன்றும் ஆவதில்லை. வளைவு வருமுன்பே அவர் மூளைக்கு அது தெரியும்.

நம் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் ஆழ்கடலில் மிதவைகளை நிறுத்தி அலையின் உயரத்தையும் கால அளவையும் அளந்து வருகிறது. அந்த எண்களில் பயணிகளின் வயிற்றைப் பற்றிய செய்தியும் அடங்கியிருக்கிறது என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

இனி, கப்பலில் எங்கே படுப்பது? ஏற்றப்பலகை விளையாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் உட்கார்ந்தவன் அசைவதே இல்லை. கப்பல் முன்னும் பின்னும் 3 டிகிரி சாய்கிறது என்று கொள்வோம். நடுவிலிருந்து 60 மீட்டர் தள்ளி முன்பகுதியில் படுத்தவன் சுமார் 3 மீட்டர் ஏறி, அவ்வளவே இறங்குவான். நடுவிலிருந்து 10 மீட்டரில் படுத்தவனுக்கு அரை மீட்டர்தான். நாங்கள் படுத்திருந்தது முன்பகுதி!

இரண்டாம் நாள் மாலை தாயாரால் எழுந்து நிற்க முடியவில்லை. "பித்தம், பட்டினி போட்டால் சரியாகிவிடும்" என்று முதல் நாள் இரவிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நாக்கு வறண்டிருந்தது, காலையிலிருந்து சிறுநீர் போகவில்லை. பாடத்தை எல்லாம் விட்டுவிட்டு நான் உண்மையாகவே பயந்த நேரம் அது. மேலே கூறிய கேள்வியை அவர் கேட்டதும் அப்போதுதான். கைத்தாங்கலாகக் கப்பல் மருத்துவரிடம் கூட்டிச் சென்றேன். அவர் ஓர் ஊசி போட்டு, உப்புச் சர்க்கரைக் கரைசலை ஐந்து நிமிடத்துக்கு ஒரு வாய் வீதம் கொடுக்கச் சொன்னார். "குமட்டல் ஆளைக் கொல்லாது தம்பி, தண்ணீர் குடிக்காமல் இருப்பதுதான் ஆபத்து" என்றார். பொட்டலம் இல்லாதவர்கள் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்துகொள்ளலாம். உப்பு கூடிவிடக் கூடாது.

திண்டிவனத்துக்காரர் ஒருவர், அவரும் கொத்தனார்தான், கப்பலின் நடுவில் இருந்த தம் படுக்கையைத் தாயாருக்கு விட்டுக்கொடுத்து எங்கள் மூலைக்குப் போனார். "எனக்குப் பதினாறாவது தடவை, கடல் என்னை மறந்துபோச்சு" என்றார். அது உண்மையே. இரண்டு மூன்று நாளில் பெரும்பாலோருக்கு மூளை பழகிவிடுகிறது. எல்லோருக்கும் அல்ல. 1831 முதல் 1836 வரை பீகிள் கப்பலில் உலகைச் சுற்றிய டார்வின் கடைசிவரை அவதிப்பட்டார். விண்வெளியில் முதன்முதலில் இந்த அவதிக்கு ஆளான டிட்டோவ் (1961) ஒரு விமானி. ஆகவே வெட்கப்பட ஒன்றுமில்லை. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை இது அநேகமாகத் தொடுவதில்லை. அதற்கு மேல் பன்னிரண்டு வயது வரை உள்ளோரையும், ஆண்களைவிடப் பெண்களையும், ஒற்றைத் தலைவலி உள்ளவர்களையும் அதிகம் பிடிக்கிறது.

மருந்துகளின் கதை சுவையானது. 1947-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், தோல் தடிப்புக்காக ஒரு புதிய மருந்தை உட்கொண்ட பெண்மணி, டிராம் வண்டியில் போனால் வரும் குமட்டல் தமக்கு வரவில்லையே என்று கவனித்துச் சொன்னார். உடனே அட்லாண்டிக் கடலைக் கடந்த ராணுவக் கப்பல் ஒன்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களிடம் அதைச் சோதித்தார்கள். அதுதான் டைமென்ஹைட்ரினேட். நம் கடைகளில் புரோமெத்தசின், சின்னரிசின் வகை மாத்திரைகளும் கிடைக்கின்றன. குமட்டல் வந்தபின் விழுங்கினால் மாத்திரையும் வெளியே வந்துவிடும். புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே எடுக்க வேண்டும். தூக்கம் வரும். கண் அழுத்தம், சிறுநீர் அடைப்பு உள்ள பெரியவர்களும், கர்ப்பிணிகளும், சிறு குழந்தைகளும் மருத்துவரைக் கேளாமல் தொடக்கூடாது.

இஞ்சி மரப்பாவை ஏளனம் செய்ய வேண்டாம். 1988-இல் டென்மார்க் கடற்படை மாணவர்களுக்கு இஞ்சித் தூள் கொடுத்துப் பார்த்ததில், வெற்றுத்தூள் உண்டவர்களைவிட வாந்தியும் குளிர் வியர்வையும் குறைந்தன. எல்லாச் சோதனைகளும் அப்படிச் சொல்லவில்லை என்பதையும் கூறிவிடுகிறேன். செய்தித்தாள்மேல் உட்கார்ந்தால் வாந்தி வராது என்ற நம் ஊர் வைத்தியத்துக்கு ஆதாரம் ஏதும் அகப்படவில்லை. ஆனால் அதன்மேல் உட்கார்ந்திருக்கும்வரை அதைப் படிக்க முடியாது. பிரயாணத்தில் படிப்பது குமட்டலை வளர்க்கும் என்பது உறுதி.

மூன்றாம் நாள் தாயாரை மேல்தளத்துக்கு அழைத்துச் சென்று, தொடுவானத்தையே பார்த்திருக்கச் செய்தேன். தொடுவானம் அசையாது, கப்பல் அசைவது கண்ணுக்கும் தெரியும், இரு சாட்சிகளும் ஒத்துப்போகும். அன்று மதியம் ரசஞ்சாதம் கொஞ்சம் சாப்பிட்டார்.

துறையில் இறங்கியதும் தந்தையின் தோளைப் பிடித்துக்கொண்டு, "பூமி ஆடுதுங்க" என்றார். கடலுக்குப் பழகிய மூளை தரைக்குப் பழகச் சிறிது நேரமாகும். மறுநாள் நின்றுவிட்டது.

ஜூன் நடுவில் திரும்பும்போது, நடுப்பகுதிப் படுக்கைதான் வேண்டும் என்று தாயாரே வரிசையில் நின்று கேட்டு வாங்கினார். மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையை முந்தானையில் முடிந்து வைத்திருந்தார். கடல் முன்னைவிட மோசம். அவர் ஒரு தடவை வாந்தி எடுத்தார். நான் நான்கு தடவை.