ஒட்டுத் தெரியாத ஓவியம்



என் தமக்கையார் தோட்டத்து வீட்டில் முறுக்குச் சுட்டு, லூமுட் படகுத்துறைப் பக்கமுள்ள கடைகளுக்குக் கொடுத்து வந்தார். பங்கோர் தீவுக்குப் போகிறவர்கள் வாங்குவார்கள். பொட்டலம் சுற்றும் தாளில் ஏதேனும் படம் இருந்தால் நன்றாக இருக்கும் என்றார். மரத்தடியில் உதிர்ந்து கிடந்த ரப்பர் இலைகளை நான் கைப்பேசியில் படம் பிடித்தேன். அந்தப் படத்தையே பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி, ஐந்நூறு தாள் அச்சடித்துக் கொண்டு வந்தேன். விரித்துப் பார்த்தால், தாள் முழுதும் சன்னல் கம்பி போலக் கோடுகள்! ஒரு படம் முடிந்து அடுத்த படம் தொடங்கும் இடமெல்லாம் ஒட்டுத் தெரிந்தது. செலவானது இரண்டு வார முறுக்குக் காசு. "அடுப்பு மூட்டத் தாளுக்குப் பஞ்சமில்லை, தம்பி" என்றார் அக்கா.

பிழை எங்கே? படத்தின் இடது ஓரத்தில் பாதி இலை, வலது ஓரத்தில் வேறொரு பாதி இலை. இரண்டையும் சேர்த்தால் எப்படிப் பொருந்தும்?

இந்தச் சிக்கல் நம் முன்னோருக்குப் புதிதல்ல. தமிழ்நாட்டில் காரைக்குடிக்கு அருகே ஆத்தங்குடி என்ற ஊரில் கையாலேயே தரைக்கற்கள் செய்கிறார்கள். கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, அதன் அறைகளில் வண்ணச் சிமெண்டுக் கலவையை ஊற்றுவார்கள். அச்சை எடுத்தபின் அதன் மேல் சிமெண்டும் மணலும் இட்டு இறுக்குவார்கள். ஒரு கல்லின் ஓரத்தில் நிற்கும் அரைப் பூ, அடுத்த கல்லின் அரைப் பூவோடு சேர்ந்து முழுப் பூவாகும். அச்சுச் செய்கிறவர் ஒரு கல்லை மட்டும் நினைப்பதில்லை. பக்கத்துக் கல்லையும் சேர்த்தே நினைக்கிறார்.

புகைப்படத்தில் அவ்வாறு முன்கூட்டி நினைக்க முடியாது. ஆனால் ஓர் எளிய வழி உண்டு. வீட்டில் ஒரு தாளை எடுத்து, நடுவில் படம் வரையுங்கள். தாளைக் கூட்டல் குறி போல நான்காக வெட்டுங்கள். மேல் இடது துண்டைக் கீழ் வலதுக்கும், மேல் வலது துண்டைக் கீழ் இடதுக்கும் மாற்றி வையுங்கள். இப்போது வெளி ஓரங்களில் இருப்பவை முன்பு நடுவில் வெட்டிய விளிம்புகள். அவை முன்பே ஒன்றாக இருந்தவை. ஆகவே தானாகப் பொருந்தும். பொருந்தாத பழைய ஓரங்கள் நடுவுக்கு வந்துவிட்டன. ஓரத்தில் ஒளிந்திருந்த குறை இப்போது கண் முன்னே நிற்கிறது. அதை அங்கே சரி செய்துவிடலாம்.

கணினியில் இதை நொடியில் செய்யலாம். கிம்ப் என்னும் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. அதை 1995-இல் அமெரிக்காவில் ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள் எழுதத் தொடங்கினார்கள். படத்தைச் சதுரமாக, 512-க்கு 512 புள்ளி அளவில் வெட்டிக்கொள்ளுங்கள். 'லேயர்' பட்டியலில் 'டிரான்ஸ்ஃபார்ம்', அதனுள் 'ஆஃப்செட்' என்பதைத் திறந்து, அகலத்தில் பாதி, உயரத்தில் பாதி, அதாவது 256 நகர்த்துங்கள். வெளியேறும் பகுதி மறுபக்கம் வந்து சேரும்படி விடுங்கள். போட்டோஷாப்பிலும் ஆஃப்செட் உண்டு. பிறகு 'குளோன்' கருவியால் படத்தின் நல்ல பகுதியிலிருந்து சில இலைகளை எடுத்து, நடுவில் தெரியும் ஒட்டின் மேல் பூசுங்கள். விளிம்பை மட்டும் தொடாதீர்கள். தொட்டால் பொருத்தம் மறுபடி கெடும். முடித்ததும் இன்னொரு முறை நகர்த்திப் பாருங்கள். எங்கேனும் கோடு தெரிந்தால் அதையும் திருத்துங்கள்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். படம் பிடிக்கும்போது வெயில் ஒரு பக்கமாக விழக் கூடாது. இடது வெளிச்சமாகவும் வலது இருட்டாகவும் இருந்தால், எவ்வளவு பூசினாலும் பட்டை பட்டையாகத் தெரியும். மப்பான நேரத்தில், கைப்பேசியைத் தரைக்கு நேர் மேலே பிடித்து எடுங்கள். அடுத்தது, படத்தில் ஒரேயொரு சிவப்பு இலை இருந்தால் அதை நீக்கிவிடுங்கள். ஒட்டு இல்லாவிட்டாலும், அந்தச் சிவப்பு இலை நிரை பிடித்து நட்ட மரம் போல வரிசை வரிசையாக நிற்கும். கண் அதைத்தான் முதலில் பிடிக்கும்.

ஐந்நூறு தாள் அடிப்பதற்கு முன் ஒரு தாள் அடித்துப் பாருங்கள். இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். நீங்கள் இலவசமாகக் கேட்டுக்கொண்டீர்கள். கோயில் திருவிழா அறிவிப்பானாலும், அம்மாவின் பலகாரப் பொட்டலமானாலும், வீட்டுப் பிள்ளைகளே செய்து கொடுக்கலாம்.

இரண்டாம் முறை அச்சடித்த தாளை அக்கா விரித்து, விரலால் தடவித் தடவி ஒட்டைத் தேடினார். கிடைக்கவில்லை. "சரி, இதில் சுற்றலாம்" என்றார்.