ஓட்டல் தொழிலுக்குச் சூரிய சக்தி கட்டுப்படியாகுமா?

மளிகை மொத்த வியாபாரத்தில் இருக்கும் எங்களுக்கு ஓட்டல்காரர்கள் நெடுநாளைய வாடிக்கையாளர்கள். அரிசி, உளுந்து, எண்ணெய் எல்லாம் கடனாகப் போய்த்தான் பணமாகத் திரும்புகின்றன. 19 கிலோ சிலிண்டர் விலை ஏறும் மாதங்களில் முதலில் தள்ளிப் போவது எங்கள் பாக்கிதான். ஆகவே ஓட்டல் அடுப்புச் செலவு ஓட்டல்காரரின் கவலை மட்டுமல்ல, கடைவீதி முழுவதற்கும் உள்ள கவலை.

நம் வட்டாரத்தில் மழைதான் குறைவு, வெயிலுக்குக் குறைவில்லை. நமக்கு அடுத்துள்ள கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் அமைந்தது. ஒரே இடத்தில் அமைந்த நிலையங்களில் உலகிலேயே பெரியது என்று அப்போது பேசப்பட்டது. அதே வெயில்தான் அருப்புக்கோட்டை, திருச்சுழி ஓட்டல்களின் மொட்டை மாடியிலும் அடிக்கிறது. அதைக் காசாக்குவது எப்படி?

சூரிய சக்தி என்றதும் பலரும் மின்சாரத் தகடுகளையே நினைக்கிறார்கள். வெந்நீரில் தொடங்குவதே நல்லது என்பது எங்கள் கருத்து. 100 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க 3½ யூனிட் மின்சாரம் வேண்டும். தங்கும் விடுதிக்கு நாளொன்றுக்கு 1,000 லிட்டர் என்றால் 35 யூனிட். யூனிட் 10 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 10,500 ரூபாய். சூரிய வெந்நீர்க் கருவி இதில் பெரும்பகுதியை மிச்சப்படுத்தும். அறைகள் இல்லாத மெஸ்காரரும் பாத்திரம் கழுவவும் இட்லிக் கொப்பரைக்கு ஊற்றவும் இந்த வெந்நீரை எடுத்தால் எரிவாயு குறையும். உப்புத் தண்ணீர் உள்ள இடங்களில் குழாயில் உப்பு படிந்து அடைக்கும். வெப்பப் பரிமாற்றி உள்ள வகையையே கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்தது மின்சாரம். ஒரு கிலோவாட் தகடுகளுக்கு நிழல் விழாத சுமார் 100 சதுர அடி வேண்டும்; சராசரியாக நாளுக்கு 4 யூனிட் கிடைக்கும். வெயில் உள்ள நேரத்திலேயே மாவரைத்து, தண்ணீர் ஏற்றிக்கொண்டால் பலன் முழுமையாகக் கைக்கு வரும். கரிசல் புழுதி படிந்தால் மின்சாரம் குறையும். கமுதியில் தகடுகளைத் துடைக்க இயந்திரங்களே உண்டு; நாம் வாரம் ஒருமுறை ஆள் வைத்துத் துடைத்தால் போதும்.

சமையலுக்கும் சூரிய வெப்பம் உதவும். 2002-ல் திருமலையிலும், 2009-ல் ஷிர்டியிலும் சூரிய வெப்பத்தால் நீராவி உண்டாக்கி ஆயிரக்கணக்கானோருக்குச் சமைக்கும் அமைப்புகள் நிறுவப்பட்டன. ஷிர்டியில் மட்டும் 73 பெரிய பிரதிபலிப்புத் தட்டுகள். அவ்வளவு இடம் நம் ஓட்டல்களில் இல்லை. நமக்கு ஏற்றது மிச்சச் சோறு, காய்கறிக் கழிவிலிருந்து எடுக்கும் எரிவாயு. அதில் ஒரு கன மீட்டர், சிலிண்டர் எரிவாயுவில் ஏறத்தாழ 450 கிராமுக்குச் சமம். அடுப்பு முழுவதற்கும் அது போதாது. ஆனால் குப்பைக்குப் போவது அடுப்புக்கு வருகிறதே! வாழை இலை எளிதில் மக்காது, அதைத் தனியே பிரித்துவிட வேண்டும்.

இனி முதலீடு. 2024-ல் தொடங்கிய பிரதமர் சூர்ய கர் திட்டத்தின் மானியம் வீடுகளுக்கு மட்டுமே. ஓட்டலுக்கும் கிடைக்கும் என்று சொல்லும் முகவரை நம்பிக் கையெழுத்திட வேண்டாம். வணிகருக்கு உள்ள சலுகை வேறு: வருமான வரிக் கணக்கில் சூரிய சக்திச் சாதனங்களுக்கு 40 சதவீதத் தேய்மானம் காட்டலாம். 2025 செப்டம்பர் 22 முதல் இவற்றின் ஜி.எஸ்.டி.யும் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. மின்வாரியத்துக்குக் கட்ட வேண்டிய கட்டணங்களை முன்கூட்டியே எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். ஓட்டல் நடத்தும் உறுப்பினர்கள் முதலில் மூன்று மாத எரிவாயு, மின்சாரச் செலவைத் தனித்தனியே எழுதிப் பார்க்கட்டும். பிறகு பத்துப் பேர் சங்கத்தின் மூலம் சேர்ந்து விலைப்புள்ளி கேட்கலாம். மொத்தமாக வாங்கினால் விலை இறங்கும் என்பதை வியாபாரிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.