மூன்றாம் நாள் தர்மமும் மூன்றாம் மாத தர்மமும்

புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் செல்லும் நெடுஞ்சாலையில் சற்றுத் தூரம் போய்க் கிழக்கே திரும்பினால் வருவது இரும்பை. திருஞானசம்பந்தர் பாடிய தொண்டை நாட்டுத் தலங்களுள் ஒன்றான மாகாளேசுவரர் ஆலயத்தால் பெயர் பெற்ற சிற்றூர். அவ்வூரைப் பற்றி அந்த வட்டாரத்தில் நெடுங்காலமாக வழங்கிவரும் ஒரு கதை உண்டு. கடுவெளிச் சித்தரின் தவக்கனலே நாட்டில் வறட்சி உண்டானதற்குக் காரணம் என்று அஞ்சிய அரசன், ஒரு நாட்டியப் பெண்ணைக் கொண்டு அவரைத் தவத்தினின்று எழுப்ப, வானம் திறந்து மழை பொழிந்ததாம். அந்த மகிழ்ச்சியில் எடுத்த விழாவிலே, ஆடிக்கொண்டிருந்த பெண்ணின் காலினின்று கழன்று விழுந்த சிலம்பைச் சித்தர் எடுத்து அணிவிக்கக் கண்டு ஊரார் கைகொட்டிச் சிரித்தார்களாம். அவர் மனம் நொந்து சொன்ன வாக்கினால் லிங்கம் வெடித்துச் சுற்றுப்புறம் பாலையாயிற்றாம். வறட்சியில் அவரை நாடி நின்ற அதே ஜனங்கள்தாம், மழை வந்தபின் அவரை எள்ளியவர்களும்.

கதை மெய்யோ பொய்யோ, ஜன சமூகத்தின் மனத்தை அது நன்றாக அறிந்திருக்கிறது. விபத்து நேர்ந்தபோது இருக்கும் மனம் ஒன்று, அது கடந்தபின் இருக்கும் மனம் வேறொன்று. முதல் மனத்தின் ஈகையைப் புகழ்ந்து எழுதியவர்கள் பலர். இரண்டாம் மனத்தின் மறதியைக் கணக்கிட்டவர்கள் சிலரே. இரும்பைக்குக் கிழக்கே சில மைல் தூரத்தில் தொடங்கி, வடக்கே மரக்காணத்து உப்பளங்கள் வரையில் நீளும் கடற்கரை அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதற்கு மிகவும் தகுந்த இடம். சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் மரக்காணமே என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். வழிவந்த பாணர்க்கு மீனும் கள்ளும் தந்து உபசரித்த நெய்தல் நில மக்களின் ஊர் அது. பிறருக்கு இட்டுப் பழகிய அந்தக் கரை, 2004-இல் ஆழிப்பேரலையாலும், 2011-இல் ‘தானே’ புயலாலும், 2024-இல் ‘ஃபெஞ்சல்’ புயலாலும் இருபது ஆண்டுகளுக்குள் மூன்று முறை பிறர் கையை எதிர்நோக்கி நிற்க நேர்ந்தது.

எந்த விபத்திலும் முதலில் ஓடி வருகிறவர் அண்டை வீட்டார்தாம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில், சுமத்திராத் தீவின் அருகே கடலடியில் நேர்ந்த பூகம்பத்தால் எழுந்த அலை சோழமண்டலக் கரையை மோதியபோது, சர்க்காரின் வண்டிகளும் வெளியூர்த் தொண்டர்களும் வந்து சேர்வதற்கு வெகு நேரம் முன்பாகவே, கரையை அடுத்த உள்ளூர்களின் பள்ளிக்கூடங்களும் கோயில்களும் கல்யாண மண்டபங்களும் திறக்கப்பட்டு, அண்டா அண்டாவாகச் சோறு வடிக்கப்பட்டது. பரங்கிப்பேட்டையில் முஸ்லிம் ஜமாஅத்தினர் மீனவ மக்களைக் காப்பாற்றி உணவளித்ததும், இறந்தோரை அடக்கம் செய்ய உதவியதும் பலரும் எழுதி வைத்த செய்தி. இந்த முதல் நாள் உபகாரத்துக்கு விளம்பரமும் இல்லை, ரசீதும் இல்லை. குறை சொல்வதற்கும் அதில் இடமில்லை.

அதற்கு அடுத்த நாள்களில் வருவது உலகத்தின் அனுதாபம். தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ எட்டாயிரம் பேரையும், இந்துமாக்கடலின் கரைநாடுகள் எல்லாவற்றிலுமாக இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோரையும் பலி கொண்ட அந்த அலைக்காக, உலக நாடுகளும் பொதுமக்களும் அளித்த, அளிப்பதாக வாக்களித்த தொகை 1,350 கோடி டாலர் என்று, பின்னர் அந்த உதவிகளைப் பரிசீலித்த சர்வதேசக் கூட்டமைப்பு ஒன்று 2006-இல் கணக்கிட்டது. அதே அறிக்கை மற்றொரு கணக்கையும் சொல்கிறது: ஆழிப்பேரலையால் பாதிக்கப்பட்டவர் தலைக்குச் சராசரியாக 7,100 டாலர் வந்திருக்க, அதே 2004-ஆம் ஆண்டின் வெள்ளத்தில் தவித்த வங்காளதேசத்தவர்க்குத் தலைக்கு மூன்று டாலரே கிடைத்தது. துன்பத்தின் அளவைப் பார்த்தா உதவி பெருகுகிறது? காட்சியின் பயங்கரத்தைப் பார்த்தே பெருகுகிறது. தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பச் சுழன்ற அலைக்கு உலகம் அழுதது. மாதக்கணக்கில் மெல்ல ஏறி மெல்ல வடியும் வெள்ளத்துக்கு அழ அதற்குப் பொறுமை இல்லை.

பெருகி வந்தது எல்லாம் பயன்பட்டதா என்றால் அதுவும் இல்லை. சுனாமிக்குப் பிந்திய வாரங்களில் தமிழகக் கரையோரச் சாலைகளில் போனவர்கள் கண்ட காட்சி ஒன்று உண்டு. லாரி லாரியாக வந்திறங்கிய பழந்துணிகள் பெருங்குவியலாகக் குவிந்து, மழையில் நனைந்து, வெயிலில் மக்கிக்கொண்டிருந்தன. மார்கழியிலும் வியர்வை ஒழுகும் கடற்கரைக்குக் கம்பளிச் சட்டைகள் வந்திருந்தன. கிழிந்தவையும் சாயம் போனவையும் பொத்தான் இல்லாதவையும் வந்திருந்தன. முந்தின வாரம் வரையில் தங்கள் உழைப்பில் உண்டு, திருவிழாவுக்குப் புதுச்சேலை எடுத்து உடுத்திய மீனவப் பெண்கள், பிறர் உடுத்துக் கழித்ததைத் தொட மனம் வராமல் ஒதுங்கினார்கள். அந்தக் குவியல்களைப் பின்னர் டெல்லியைச் சேர்ந்த ‘கூஞ்ச்’ அமைப்பினர் அள்ளி எடுத்துப் பிரித்துப் பயன்படுத்தினர். கொடுக்கிறவன் தன் அலமாரியைக் காலி செய்துகொள்வதற்கும் தர்மம் என்றே பெயர் வைத்துவிட்டால், வாங்குகிறவனுடைய மானத்துக்கு மதிப்பே இல்லாமற் போய்விடும். இந்தக் குறை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று: 1988-இல் அர்மீனியாவில் பூகம்பம் நேர்ந்தபோது வந்து குவிந்த சுமார் 5,000 டன் மருந்துப் பொருள்களில், இன்னதென்று எளிதில் இனங்காணத் தக்கவை நூற்றுக்கு முப்பது பங்கே என்று பின்னர் எழுதினார்கள்.

துணிக்கு நேர்ந்தது வேறு விதமாகப் படகுக்கும் நேர்ந்தது. இழந்த கட்டுமரத்துக்குப் பதிலாகக் கண்ணாடியிழைப் படகு தருவது எளிது. படகைக் கரையில் நிறுத்தி, கொடுத்தவர் பெயரைப் பக்கவாட்டில் எழுதிப் படம் எடுத்து அனுப்புவதும் எளிது. ஆகையால் நிறுவனங்கள் போட்டியிட்டுப் படகு தந்தன. சில குப்பங்களில் அலைக்கு முன்பு இருந்ததைக் காட்டிலும் படகுகள் மிகுந்துபோய், ஏற ஆளும் பிடிக்க மீனும் போதாத நிலை வந்தது. கடலின் வளத்தை மீறிப் படகுகளைப் பெருக்க வேண்டாம் என்று நிபுணர்கள் அப்போதே எச்சரித்திருந்தார்கள்.

ஒரு பக்கம் இவ்வாறு மிகுதி இருக்க, மறுபக்கத்தில் வெறுங்கையோடு நின்றவர்கள் உண்டு. மீனவக் குப்பங்களின் ஊர்ப் பஞ்சாயத்து, வந்த பொருளைத் தலைக்கட்டுக் கணக்கில் எல்லாக் குடும்பத்துக்கும் சமமாகப் பங்கிட்ட விதம் பாராட்டத் தக்கதே. ஆயினும் ஊருக்கு வரி கொடுக்கும் ஆண்மகனே தலைக்கட்டு என்ற பழைய வழக்கினால், கணவனை இழந்து, வளர்ந்த மகனும் இல்லாத பெண்கள் அந்தக் கணக்குக்கு வெளியே விழுந்தனர். கழிகளில் இறங்கிக் கையால் தடவி இறாலும் நண்டும் பிடித்துப் பிழைக்கும் இருளர்களும், கரையை ஒட்டிக் கூலி வேலை செய்யும் தலித் மக்களும் நிவாரணத்தில் பின்தள்ளப்பட்டதை மனித உரிமைக் குழுக்கள் பதிவு செய்திருக்கின்றன. சங்கமோ பஞ்சாயத்தோ பேசுவதற்கு இருந்தவர்களுக்குக் கிடைத்தது. பேச ஆள் இல்லாதவர்களுக்கு அது எட்டவில்லை.

இந்தப் பின்வரிசையில் எப்போதும் நிற்பவர் உப்பளத் தொழிலாளர். அவர்களுடைய நஷ்டம் எத்தகையது என்பதை அறிய, மரக்காணத்து அளம் ஒன்றின் வேலையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். உவர்நீரை முதலில் பெரிய பாத்திகளில் தேக்கி, வெயிலில் அடர்த்தி ஏறவிட்டு, அதன் பிறகே உப்பு விளையும் சிறு பாத்திகளுக்குத் திறந்துவிடுவார்கள். அந்தச் சிறு பாத்தியின் தரை சாமானியத் தரையன்று. நாள் கணக்கில் களிமண்ணைக் காலால் மிதித்து மிதித்து, நீர் கீழே இறங்காதபடி இறுக்கி எடுத்த தரை. மழை வெள்ளம் புகுந்துவிட்டால் வரப்பு கரையும், வாய்க்கால் தூரும், இறுக்கி வைத்த தரைமேல் சேறு படியும். மேட்டில் மூடி வைத்த உப்புக் குவியலும் அடியிலிருந்து கரைந்து போகும். தண்ணீரை வடித்து, சேற்றை வழித்து, வரப்புக் கட்டி, மறுபடியும் மிதித்துத் தரையைப் பண்படுத்தி, வெயில் ஏறி, பாத்தியில் உப்பு பூத்துப் பலகையால் வாரும் வரையில் விளைச்சலைச் சார்ந்த கூலி கிடையாது. வெள்ளத்தின் மூன்றாம் நாளில் கொடுக்கும் ஐந்து கிலோ அரிசி, மாதங்கள் நீளும் இந்த வறுமைக்கு எம்மாத்திரம்? மூழ்கிய உப்பளத்தைப் படம் பிடித்தாலும் அது பார்ப்பவர் கண்ணுக்கு ஓர் ஏரியாகவே தோன்றும். கவிழ்ந்த படகும் இடிந்த வீடும் எழுப்பும் இரக்கத்தை அது எழுப்புவதில்லை.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் நின்று பெய்தபோது இந்த உண்மை மறுபடியும் பிரத்தியட்சமாயிற்று. மறுநாள் காலை வரையிலான இருபத்து நான்கு மணி நேரத்தில் மயிலத்தில் சுமார் 51 சென்டிமீட்டரும், புதுச்சேரியில் அதற்குச் சற்றே குறைவாகவும் மழை பதிவாயிற்று. மரக்காணத்து அளங்கள் நீரில் மூழ்கின. சாத்தனூர் அணையிலிருந்து திறந்த நீர் தென்பெண்ணைக் கரை ஊர்களுக்குள் புகுந்தது. டிசம்பர் 3-ஆம் தேதி இருவேல்பட்டில் சாலை மறியல் செய்த மக்களைச் சந்திக்கச் சென்ற அப்போதைய அமைச்சர் பொன்முடியின் மீது சேறு வீசப்பட்டது. சேறு வீசுவது நியாயமான செயலன்று; ஆனால் அந்தக் கோபத்தை வெறும் அரசியல் என்று தள்ளுவதும் நியாயமன்று. வீட்டுக்குள் தண்ணீர் நிற்கையில் தங்களைத் தேடி எவரும் வரவில்லை என்ற எண்ணமே, இழந்த பொருளைக் காட்டிலும் ஜனங்களை அதிகமாகச் சுடுகிறது. மாநில சர்க்கார் விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாயும், புதுவை சர்க்கார் அட்டைக்கு 5,000 ரூபாயும் அறிவித்தன. அட்டைக்குப் பணம் என்பதில் விரைவு இருக்கிறது, பாரபட்சத்துக்கு இடம் குறைகிறது. மாடி வீட்டுக்காரருக்கும் ஓலைக் குடிசைக்காரருக்கும் ஒரே தொகை என்பதில் அளவு தவறிப்போகிறது.

தர்மத்துக்கு அளவும் காலமும் உண்டு என்பதை இந்தக் கரை முன்பே ஒரு முறை கற்றது. மரக்காணம் வரையில் வந்து முடியும் பக்கிங்ஹாம் கால்வாயின் சென்னைப் பகுதி, 1876-78 பெரும் பஞ்சத்தின்போது பசித்த ஜனங்களுக்கு வேலை கொடுப்பதற்காகத் தோண்டப்பட்டது. இலவசச் சோற்றைக் காட்டிலும் வேலையும் கூலியும் மானத்தைக் காக்கும் என்ற யோசனை நல்லதே. ஆனால் சர் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி, ஆள் ஒன்றுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசுமே போதும் என்று கூலியைக் குறைக்க, மண் வெட்டுகிறவன் உயிர் தரிக்க அது போதாது என்று சென்னை ராஜதானியின் சுகாதார அதிகாரி கார்னிஷ் வாதாட வேண்டியிருந்தது. நல்ல யோசனையும் கஞ்சக் கையில் அகப்பட்டால் கொடுமையாகிவிடும்.

மானத்தோடு கூடிய உதவிக்கு இரும்பையின் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. ஆரோவில்லில் உமா பிரஜாபதி நடத்திவந்த ‘உபாசனா’ என்ற ஆடை வடிவமைப்புக் கூடத்தினர், சுனாமிக்குப்பின் கடலைப் பார்க்கவே அஞ்சி வீட்டில் முடங்கிக் கிடந்த மீனவப் பெண்களை அழைத்து, தையல் கூடங்களில் மிஞ்சும் வெட்டுத் துணியைக் கொண்டு விரலளவு பொம்மை செய்யப் பழக்கினார்கள். ‘சுனாமிகா’ என்று பெயரிட்ட அந்தப் பொம்மையை விலைக்கு விற்காமல் அன்பளிப்பாகவே உலகெங்கும் அனுப்பினார்கள். பெற்றவர்கள் மனமுவந்து தந்த நன்கொடையிலிருந்து பெண்களுக்குக் கூலி கிடைத்தது. துணியாலேயே ஓரிடத்தில் அவமானமும் மற்றோரிடத்தில் ஆறுதலும் விளைந்தன. முன்னதில் பெண்கள் வெறுமே கையேந்தி நிற்க வைக்கப்பட்டார்கள். பின்னதில் அவர்கள் கைவேலைக்கு மதிப்பு இருந்தது.

சர்க்காரும் இந்தத் திசையில் ஓரடி எடுத்து வைத்திருக்கிறது. உப்பு விளையாத அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களுக்கென்று உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் வழங்கும் திட்டம் தமிழ்நாட்டில் உண்டு. ஆனால் புயல் அடித்த ஆண்டில் வேலையில்லாக் காலம் டிசம்பரோடு முடிந்துவிடுவதில்லை. தையிலும் மாசியிலும் நீள்கிறது. அந்த நீட்சிக்குத் தக்கபடி தொகையும் நீளுவதே நியாயம். வரப்புக் கட்டும் வேலையையும் தூர்வாரும் வேலையையும் பொதுச் செலவில் தொடங்கி அவர்களுக்கே கூலியாகக் கொடுப்பது அதனினும் நியாயம்.

வாசகர்களுக்குச் சொல்லக்கூடியது சுருக்கமானது. அடுத்த புயலும் இதே கரைக்கு வரும். அப்போது உங்கள் மனம் இளகும், கையும் நீளும். பழந்துணியை அனுப்பாதீர்கள், கேட்காத பொருளை ஏற்றாதீர்கள், அந்த ஊரில் வேலை செய்யும் நம்பகமானவர்களிடம் எது வேண்டும் என்று கேட்டு, பெரும்பாலும் பணமாகவே கொடுங்கள். கொடுக்க எண்ணிய தொகையில் பாதியை மூன்றாம் நாள் கொடுத்துவிட்டு, மற்றப் பாதியைப் பத்திரப்படுத்தி, பத்திரிகைகள் அந்தக் கரையை மறந்துவிட்ட மூன்றாம் மாதத்தில், படகுக்காரருக்கு அடுத்தபடியாக உப்பளக் கூலிக்காரரையும் இருளரையும் விசாரித்து அவர்களிடம் சேருங்கள். அப்படிக் கொடுப்பதே முழுமையான தர்மம்.